திருமணம் முடிந்து இலங்கையில் சாலைவழித் தேனிலவு: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரத்தில் பயணச்சீட்டும் விசாவும் பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், கல்யாணப் பத்திரிகையும் கையுமாக வருகிற இளையவர்களின் சந்தேகங்களை நாள்தோறும் கேட்டு வருகிறேன். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, மண்டபம், பாம்பன் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும், வெளிநாட்டில் கார் எடுத்துத் தாங்களே ஊர் சுற்ற வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது இலங்கையைத்தான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுபவை என்பதால், புறப்படும் மாதத்தில் அரசின் இணையதளங்களில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவையா வெளிநாட்டுல வண்டி ஓட்டப் போறோம். இலங்கை சரிப்பட்டு வருமா?

சரிப்பட்டு வரும். அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் நம் ஊரைப் போலவே வலப்பக்கம் இருக்கும். பெயர்ப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வைக்கப்படுகின்றன. நேரமும் நம் நேரமேதான். புது மணமக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டிய நாள்களில், சாலையின் எந்தப் பக்கம் திரும்புவது என்ற பதற்றம் இல்லாமல் இருப்பதே பெரிய வசதி என்பது என் எண்ணம்.

நம்ம காரையே கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போக முடியாதா?

முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பல் பயணிகளுக்கானது. அதில் கார் ஏற்றுவதில்லை. தனுஷ்கோடிக்கு ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரில் இறங்கிய போட் மெயில் காலத்தைப் பெரியவர்கள் நினைவுபடுத்துவார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுவிட்டது. அந்த வழி இன்னும் திறக்கப்படவில்லை. காரை அங்கு போய் வாடகைக்கு எடுப்பதுதான் நடைமுறை.

தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர்தானே, தெரிந்தவர்கள் படகில் போய் இறங்கினால் என்ன?

அது குற்றம். தனுஷ்கோடியில் குடிநுழைவுச் சோதனை நிலையம் கிடையாது. கடல் எல்லையைக் கடந்தால் இரு நாட்டுக் கடற்படையும் பிடிக்கும். நம் மீனவர்கள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. விளையாட்டாகக்கூட இந்த யோசனை வேண்டாம்.

அப்படியானால் எந்த வழியாகப் போவது நல்லது?

நமக்குப் பக்கத்து விமான நிலையம் மதுரை. அங்கிருந்து கொழும்புக்கு, அதாவது கட்டுநாயக்க விமான நிலையத்திற்கு, நேரடி விமானம் உண்டு. ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி இறங்கிவிடலாம். திருச்சியிலிருந்தும் கொழும்புக்குப் போகலாம். யாழ்ப்பாணத்தில் தொடங்க நினைப்பவர்கள் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் பிடிக்கலாம்.

கப்பலை விரும்புகிறவர்கள் தொண்டி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினம் போய்ச் சேர வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய சேவை இது. கடக்க ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். கடல் குமுறும் நாள்களில் கப்பலை நிறுத்திவிடுவார்கள் என்பதால், திரும்ப வேண்டிய தேதி உறுதியாக உள்ளவர்கள் இதை மட்டும் நம்பித் திட்டமிடக் கூடாது.

பொண்ணு பாஸ்போர்ட்ல அப்பா பேருதான் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் மாத்திட்டுத்தான் போகணுமா?

மாற்ற வேண்டியதில்லை. கணவன் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பயணச்சீட்டு, விசா, ஓட்டுநர் ஆவணம் ஆகிய எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தே இருந்தால் போதும். பயணத்திற்குச் சில வாரங்கள் இருக்கும்போது பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, பழைய பெயரில் எடுத்த டிக்கெட்டோடு திண்டாடுவதுதான் உண்மையான ஆபத்து. மாற்றியே தீர வேண்டும் என்று விரும்பினால் ஊர் திரும்பிய பிறகு நிதானமாகச் செய்யலாம்.

இருவர் பாஸ்போர்ட்டும் பயண நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்த வாரத்திலேயே இதை எடுத்துப் பாருங்கள். திருமணப் பதிவுச் சான்றை இந்தப் பயணத்தில் யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் திருமணப் பதிவு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம் என்பதால், எப்படியும் பதிவு செய்யத்தான் வேண்டும். பிரதி ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா எடுக்கணுமா?

இலங்கைக்கு இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியைப் புறப்படும் முன்பே இணையத்தில் பெற வேண்டும். சுற்றுலாவுக்கு 30 நாள் கிடைக்கும். இந்தியர்களுக்கான கட்டணம் சில காலம் தள்ளுபடி செய்யப்படுவதும் பிறகு மாறுவதுமாக இருப்பதால், இலங்கை அரசின் தளத்தில் உள்ளதையே நம்புங்கள். அதைப் போலவே தோற்றமளித்து அதிகப் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் நிறைய உள்ளன.

நம்ம ஊரு லைசென்ஸ் போதாதா?

போதாது. இரண்டு படிகள் உள்ளன. முதலில் இங்கே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் 4ஏ படிவத்தை நிரப்பி, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, உரிமம், பாஸ்போர்ட், புகைப்படங்கள், தேவைப்படும் இடத்தில் விசா நகல் ஆகியவற்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இது ஓராண்டு செல்லும். அதற்குள் உங்கள் உரிமம் காலாவதியானால் இதுவும் அன்றோடு முடிந்துவிடும்.

இரண்டாவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்த அனுமதியை இலங்கையில் அப்படியே காட்டி ஓட்ட முடியாது. கொழும்பில் உள்ள சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு மேலொப்பம் பெற வேண்டும். அல்லது அந்நாட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தரும் தற்காலிக உரிமத்தை வாங்க வேண்டும். 2025 ஆகஸ்டு முதல் தற்காலிக உரிமத்தைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தரத் தொடங்கியது மிக நல்ல மாற்றம். கார் வாடகைக்குத் தருபவரே இதை முன்கூட்டி ஏற்பாடு செய்து வைப்பதும் உண்டு. இந்தக் காகிதம் இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது என்பதை மறக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு துபாய் லைசென்ஸ் இருக்கு, ஊரு லைசென்ஸ் முடிஞ்சு போச்சு. என்ன செய்யறது?

நம் கடற்கரையில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற நிலைமை. உரிமம் கொடுத்த நாடுதான் பன்னாட்டு அனுமதியும் தர முடியும். எனவே காலாவதியான இந்திய உரிமத்தை வைத்து இங்கே அனுமதி கேட்க இயலாது. விடுமுறைக்கு ஊர் வரும் முன்பே வளைகுடாவில், அந்நாட்டு முறைப்படி, பன்னாட்டு அனுமதியை எடுத்து வரச் சொல்லுங்கள். ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு கேட்டால், இந்திய உரிமத்தைப் புதுப்பிப்பது ஒன்றே வழி. காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்டவும் வேண்டியிருக்கும். கல்யாண வேலைகளுக்கு நடுவில் அது நடக்கிற காரியமில்லை.

எங்களுக்குத் தையில கல்யாணம், தங்கச்சிக்கு ஆவணியில. ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போகலாமா?

போகக் கூடாது. இலங்கைப் பயணத்தில் நான் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது கல்யாண மாதத்தைத்தான். அந்தத் தீவுக்கு இரண்டு பருவமழைகள். ஒரு கரையில் கொட்டும்போது மறு கரை பெரும்பாலும் வெளுத்திருக்கும். வாடைக் காலத்தில் வடகடல் குமுறத் தென்கடல் அடங்கிக் கிடப்பதையும், தென்மேற்குக் காற்றில் அது தலைகீழாவதையும் பாம்பனில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அதே கணக்குதான்.

தை முதல் பங்குனி வரை நடக்கும் திருமணங்களுக்குத் தென்மேற்குக் கரையும் மலைநாடும் பொருத்தம்: காலி, மிரிஸ்ஸ, கண்டி, நுவரெலியா, எல்ல. மிரிஸ்ஸவில் கடலுக்குள் போய்த் திமிங்கிலம் பார்ப்பதும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். வைகாசி, ஆனி, ஆவணித் திருமணங்களுக்குக் கிழக்குக் கரையும் அதற்குப் போகும் வழியிலுள்ள உள்நாட்டு ஊர்களும் ஏற்றவை: தம்புள்ளை, சிகிரியா, திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா. ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். கண்டியில் பெரகரா ஊர்வலமும் அந்த ஒட்டில்தான் வரும். இரண்டு ஊரிலும் அறை கிடைப்பது அரிது, சாலைகளையும் மறிப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மணமுடிப்பவர்களுக்குத் தைப் பொங்கல் கழியும் வரை பொறுத்துப் போகும்படி சொல்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கை மலைநாட்டில் ஏற்படுத்திய மண்சரிவுகளை எல்லோரும் பார்த்தோம். அந்த மாதங்களில் மலைச் சாலையில் இறங்குவது தேனிலவுக்கு அழகல்ல.

ஏழு நாள்ல முழு இலங்கையும் சுத்திடலாமா? சின்ன நாடுதானே?

வரைபடத்தில் சின்ன நாடு, சாலையில் பெரிய நாடு. கண்டியிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 75 கிலோமீட்டர்தான்; ஆனால் மூன்று மணி நேரம் ஓடிவிடும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலை 321 கிலோமீட்டர் நீளமானது. அது ஒரு முழு நாளை விழுங்கும். கூடுமானவரை ஒரு நாளில் மூன்று மணி நேரத்திற்கு மேல் ஸ்டீயரிங் பிடிக்காதீர்கள், ஒரே ஊரில் இரண்டு இரவாவது தங்குங்கள் என்பதே நான் சொல்கிற ஒரே விதி. கல்யாண அலைச்சலில் களைத்து வந்தவர்கள் விடியற்காலை எழுந்து பெட்டி கட்டும் பயணத்தில் ஒருவரோடொருவர் பேசவே நேரமிருக்காது.

தை மாதப் பயணமாக இருந்தால் இப்படி வைத்துக்கொள்ளலாம். இறங்கிய இரவு விமான நிலையத்திற்குப் பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் தங்கல். மறுநாள் கண்டி, அங்கே இரண்டு இரவு. பிறகு நுவரெலியாவிலோ எல்லவிலோ இரண்டு இரவு. இரண்டிலும் தங்க ஆசைப்பட்டால் கடற்கரையைக் குறைக்க வேண்டிவரும். அங்கிருந்து வெல்லவாய வழியாக இறங்கி, தென்கரையில் இரண்டு இரவு. கடைசி நாள் தெற்கு அதிவேகச் சாலையைப் பிடித்தால் கொழும்பு எளிதாக வந்துவிடும். யாழ்ப்பாணத்தை இதில் திணிக்க வேண்டாம்; அதற்கு இன்னொரு பயணம் தகும்.

நாங்களே ஓட்டறதா, டிரைவர் வைக்கிறதா?

தனிமை வேண்டும் என்பதுதான் தேனிலவின் நோக்கம் என்றால் நீங்களே ஓட்டுங்கள். ஆனால் கொடைக்கானல் மலைச் சாலையையாவது ஓட்டிப் பழகாதவர்கள் மலைநாட்டு நாள்களுக்கு மட்டும் ஓட்டுநரோடு வண்டி எடுப்பது நல்லது. தமிழ் பேசும் ஓட்டுநர்கள் கிடைப்பார்கள்; முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். ஓட்டுநருக்கான தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கும் நல்லா ஓட்டத் தெரியும். ஆனா வீட்டுல அவருதான் ஓட்டணும்னு சொல்றாங்க.

இதைக் கேட்கும் மணப்பெண்கள் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். நீங்களும் பன்னாட்டு அனுமதி எடுங்கள். மேலே சொன்ன இரண்டு படிகளும் உங்களுக்கும் பொருந்தும். வாடகை ஒப்பந்தத்தில் கூடுதல் ஓட்டுநராக உங்கள் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி உரசினாலும் காப்பீடு செல்லாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் மற்றவர் ஓட்டிக்கொண்டு வர முடிகிற வண்டிதான் பாதுகாப்பான வண்டி என்று வீட்டாரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

வாடகைக் கார் எடுக்கும்போது எதைப் பார்க்கணும்?

ஒப்பந்தத்தில் இந்த விஷயங்களைக் கவனியுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் அனுமதி, அதற்கு மேல் என்ன கட்டணம், முன்வைப்புத் தொகை எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், சேதமானால் காப்பீட்டையும் மீறி உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும்.

வண்டி கைக்கு வரும்போது அவசரப்படாமல் காணொளி எடுத்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். கதவின் கீழ் விளிம்பு, பம்பரின் அடிப்பக்கம், சக்கரத்தின் வட்டத் தகடு ஆகிய மூன்றிலும்தான் பழைய கீறல்கள் ஒளிந்திருக்கும், குனிந்து எடுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஜாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருள் முள்ளையும் கிலோமீட்டர் எண்ணையும் ஒரே படத்தில் பிடியுங்கள். வண்டியைக் கொண்டு வந்தவர் பக்கத்தில் நிற்கும்போதே இதைச் செய்தால் பின்னால் வாக்குவாதம் வராது.

மலைச் சாலை பயமா இருக்குமா?

பகலில் ஓட்டினால் பயமில்லை. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியர் வண்டியானால் இரண்டாம் கியரில், ஆட்டோமேட்டிக் என்றால் தாழ்ந்த கியர் நிலையில் இறங்குங்கள். பிற்பகலில் நுவரெலியாப் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிடும் என்பதால் மூன்று மணிக்குள் தங்குமிடம் சேர்வது நல்லது. கைப்பேசி வரைபடம் குறுக்கு வழி என்று தேயிலைத் தோட்டத்து ஒற்றைப் பாதையில் இழுத்துவிடும். ஏ எண் கொண்ட பெருஞ்சாலையை விட்டு விலகாதீர்கள். தனியார் பேருந்து பின்னால் ஒலி எழுப்பினால் ஒதுங்கி வழி விடுங்கள்.

அந்தத் தோட்டங்களில் தமிழ்க் குரல் கேட்டால் வண்டியை நிறுத்திப் பேசுங்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நோய்த் தடுப்புக்காக வைத்திருந்த முகாம்தான் நம் மண்டபம் கேம்ப். நுவரெலியாவை அடுத்த சீதா எலியவில் சீதையம்மன் கோயிலும் உண்டு. இராமேசுவரத்துக்காரர்களுக்கு அது விட முடியாத இடம்.

வேக வரம்பு என்ன? யானை குறுக்கே வருமாமே?

ஊருக்குள் 50, வெளியே 70, அதிவேகச் சாலையில் 100 கிலோமீட்டர். இருவரும் பெல்ட் போட வேண்டும். ஹபரணையிலிருந்து திருகோணமலை போகும் சாலையிலும், புத்தளை கதிர்காமச் சாலையிலும் யானைகள் வரும். இருட்டிய பின் அங்கே ஓட்டாதீர்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஒலி எழுப்பாமல் காத்திருங்கள். பழம் கொடுப்பதும் இறங்கிப் படம் பிடிப்பதும் உயிருக்கே ஆபத்து.

ஆட்டோவை வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டலாமாமே?

எடுக்கலாம், தற்காலிக உரிமத்தில் மூன்று சக்கர வகை இடம்பெற்றிருக்க வேண்டும். அதிவேகச் சாலையில் ஆட்டோவை விடமாட்டார்கள். கடற்கரை ஊர்களில் ஒரு நாள் சுற்ற நன்றாக இருக்கும். பெட்டிகளோடு மலை ஏறுவதற்கு வேண்டாம்.

பணம், போன் எல்லாம் எப்படி?

2024 பிப்ரவரி முதல் இலங்கையில் பல கடைகளில் யு.பி.ஐ. செல்லும். ஆனாலும் பெட்டிக் கடை, சாலையோர இளநீர், சுங்கச் சாவடி ஆகியவற்றுக்கு இலங்கை ரூபாய் கையில் இருக்க வேண்டும். சிம் அட்டையை விமான நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள். சிகிரியா போன்ற தொல்லியல் இடங்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கிடைக்கும்.

கல்யாண நகையோட போகலாமா?

தாலிச் சங்கிலியும் அன்றாடம் போடுவதும் போதும். மற்றவற்றை லாக்கரில் வையுங்கள். இலங்கைக்கும் நம் கரைக்கும் இடையே தங்கக் கடத்தல் வழக்குகள் அடிக்கடி வருவதால் சுங்கத்துறையின் பார்வை இந்த வழியில் கூடுதலாகவே இருக்கும். விலை உயர்ந்த நகையைக் கொண்டுபோயே ஆக வேண்டுமானால், புறப்படும்போது விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பும்போது, இது இங்கிருந்து போன நகைதான் என்பதற்கு அதுவே சாட்சி.

வண்டி மோதிட்டா என்ன பண்ணணும்?

இடத்தை விட்டு நகராதீர்கள். காவல்துறைக்கு 119, இலவச ஆம்புலன்ஸுக்கு 1990. அடுத்து வாடகை நிறுவனத்தை அழையுங்கள். சிறிய உரசலாக இருந்தால், எதிர் வண்டிக்காரர் அங்கேயே பணம் கொடுத்து முடித்துக்கொள்ளச் சொல்வார்; ஒப்புக்கொள்ளாதீர்கள். காப்பீட்டாளர் பார்க்கும் முன் ஒப்புக்கொண்டால் முன்வைப்புத் தொகை திரும்புவது கடினம். எதையாவது எழுதிக் கையெழுத்துக் கேட்டால், புரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்திடாமல் தமிழில் விளக்கம் கேளுங்கள். தமிழ் அங்கே அரசு மொழி.

கொழும்புல வண்டி எடுத்து யாழ்ப்பாணத்துல விட்டுட்டு, கப்பல்ல நாகப்பட்டினம் வந்துடலாமா?

நல்ல யோசனைதான், சிக்கல் இரண்டு. வண்டியை வேறு ஊரில் ஒப்படைக்கத் தனிக் கட்டணம் உண்டு, எல்லா நிறுவனமும் சம்மதிப்பதில்லை. மேலே சொன்னபடி கப்பல் நிற்கவும் கூடும்; வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டிய மாப்பிள்ளை காங்கேசன்துறையில் காத்துக் கிடக்க நேரும். இதையே திருப்பிப் போடுங்கள்: போகும்போது கப்பல், யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள், ரயிலில் கொழும்பு, பிறகு கார், கடைசியில் விமானம். கப்பல் ஒரு நாள் தள்ளினாலும் தொடக்கத்தில்தான் தள்ளும். கார் முன்பதிவுக்கு முன் ஒரு நாள் இடைவெளி விட்டிருந்தால் எதுவும் கெடாது.

அத்தை திருக்கேதீச்சரம் கும்பிடணும், நாங்களும் உங்ககூடவே வர்றோம்ங்கிறாங்க. எப்படிச் சொல்றது?

அந்த ஆசை நியாயமானது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். இக்கரையிலிருந்து எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டே இருந்துவிட்ட தலம். ஆனால் மன்னார் வடமேற்கில் இருக்கிறது. மலைநாட்டுப் பயணத்தில் அதைச் சேர்த்தால் நான் சொன்ன மூன்று மணி நேர விதி முதல் நாளே உடைந்துவிடும். மறுக்காமல், மாசிச் சிவராத்திரியை ஒட்டியோ அதற்குப் பின்னோ பெரியவர்களுக்கென்று யாழ்ப்பாணம், மன்னார் மட்டும் கொண்ட பயணம் ஒன்றைத் தேதி குறித்து, ஓட்டுநரோடு வேன் பேசி, அவர்கள் பெயரிலேயே முன்பதிவு செய்து சீட்டைக் கையில் கொடுங்கள். தேதி போட்ட சீட்டு இருந்தால், இந்தப் பயணத்தில் உடன் வர வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடுகிறது. அவர்களின் பாஸ்போர்ட் காலாவதியையும் அன்றே பாருங்கள். உம்ராவுக்கோ காசி வழி நேபாளத்துக்கோ எடுத்து வைத்த பழைய பாஸ்போர்ட்டாக இருந்தால், பெரும்பாலும் அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.